நாலரை அடித் தடுப்பு

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர். படியேறினால் செருப்பைக் கழற்றச் சொல்லும் அட்டை. அதைத் தாண்டினால் ஏசி குளிர். ஒட்டுப்பலகையில் அடித்த கேபின்கள். 2007இல் நான் சேர்ந்தபோது மணிக்கு இருபது ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மாடிப்படி முழுக்க ஆள் நிற்கும். மற்ற நாட்களில் வருபவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வீட்டு ஆள் ஒருவரை வைத்திருப்பவர்கள்.

ஓர் ஊரின் அந்தரங்கம் எத்தனை சாதாரணமாகக் கைமாறுகிறது என்பது அந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரயில் டிக்கெட் எடுக்க வருகிறவர் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்வார். "தம்பி, நீயே அடிச்சிரு, எனக்கு அந்த எழுத்தெல்லாம் தேடத் தெரியாது." பெரும்பாலும் மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும்தான். பாஸ்போர்ட் ஸ்கேன், விசா நகல், ஜாதகம், ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாம் டெஸ்க்டாப்பில் அப்படியே கிடக்கும். ஆர்குட்டை மூடாமல் எழுந்து போவார்கள். அடுத்து உட்காருகிறவர் நல்லவராக இருந்தால் மூடுவார். இல்லாவிட்டால் மறுநாள் யாராவது அழுதுகொண்டு படியேறி வருவார்கள்.

கடை முதலாளியை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். "நம்மள நம்பிப் படியேறி வர்றாங்க. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா" என்பார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் நிலையில் எங்கள் கணினிகள் இல்லை என்பதுதான் சிக்கல்.

எல்லாவற்றிலும் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பியின் திருட்டு நகல். அன்று ஊரில் வேறு நகலைப் பார்த்தவர் குறைவு. அசெம்பிள் செய்து தருகிறவரே ஒரு சிடியில் எல்லாம் போட்டுத் தந்துவிடுவார். நகல் மெய்யானதல்ல என்ற எச்சரிக்கை திரையில் வராமலிருக்க, அப்டேட்டை நிறுத்தி வைப்பது வழக்கம். அதனால் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வந்து சேராது. வைரஸ்களோ பென் டிரைவில் ஏறி நடந்தே வந்தன. ஒருவர் செருகி எடுத்துப் போனால், அடுத்தவரின் ஃபோல்டர்களெல்லாம் அதே பெயரில் எக்ஸ்இ கோப்புகளாக மாறியிருக்கும். இதைச் சமாளிக்க, ரீஸ்டார்ட் செய்தால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தோம். அதுவும் பூட்டுடைத்த நகல்தான். உடைத்தவர் உள்ளே வேறு என்ன வைத்திருந்தார் என்று கேட்க எங்களுக்கு வழியில்லை.

ஒருநாள் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய மெயிலை யாரோ திறந்து படித்து, அதில் இருந்ததை அவள் விடுதியிலேயே பேசியிருக்கிறார்கள். எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் அவள் மெயிலைத் திறந்ததில்லை. அண்ணனின் மச்சினன் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், விடுமுறையில் கடையில் இருப்பான். ஒவ்வொரு கணினியாகத் துவங்கும்போது என்னென்ன ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தவன், நாலாவது கேபினில் நின்றான். விசைப்பலகையில் அடிப்பதையெல்லாம் ரீஸ்டார்ட்டிலும் அழியாத ஒரு கோப்பில் எழுதி வைக்கும் கீலாகர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பைத் திறந்தால், ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு வரிசையாக இருந்தது. வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணன் அன்று கடையை மத்தியானமே மூடச் சொன்னார்.

லினக்ஸுக்கு நாங்கள் போனது இப்படித்தான். கட்டற்ற மென்பொருளின் தத்துவம் எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்ததையும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தன் கெர்னலை வெளியிட்டதையும் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டோம். மச்சினன் கையில் இருந்தது உபுண்டு சிடி. இணையத்தில் முகவரி கொடுத்தால் தபாலில் இலவசமாகவே அனுப்பி வைத்தார்கள். 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. அட்டை உறையில் சிரித்தபடி நிற்கும் மனிதர்களின் படம். "இதுக்கு எவ்வளவுடா?" என்று அண்ணன் கேட்டார். ஒன்றுமில்லை என்றதும், "அப்ப இதுலயும் ஏதோ இருக்கு" என்றார். அவருடைய சந்தேகம் நியாயமானது. இலவசமாக வந்த எதிலும் அதுவரை ஏதோ ஒன்று இருந்துதான் வந்தது.

2008 ஏப்ரலில் வந்த 8.04 பதிப்பை ஒவ்வொரு கேபினாகப் போட்டோம். மூன்று வருடங்களுக்குத் திருத்தங்கள் வரும் என்று சொல்லியிருந்தார்கள், வந்தன. பென் டிரைவ் வைரஸ்கள் அப்படியே அடங்கின. எக்ஸ்இ கோப்புகள் வந்து சேர்ந்தன, ஓட இடமில்லாமல் கிடந்தன. வாடிக்கையாளர்களுக்கோ நிறைய எரிச்சல். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் ஓபன் ஆபீஸில் பக்கம் மாறிப் போகும். எங்கள் லேசர் பிரிண்டர் லினக்ஸோடு பேச மறுத்தது. அரசு விண்ணப்பத் தளங்கள் சில இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே திறக்கும். இதற்காகவே ஒரு கணினியில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைப் போட்டு, பிரிண்டரையும் அதனோடு கட்டி, கவுன்ட்டருக்குப் பக்கத்தில் என் கண் முன்னால் வைத்துக்கொண்டோம். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்களுக்கு ஸ்கைப் வேண்டும். அது மூடிய மென்பொருள், ஆனால் லினக்ஸிலும் ஓடியது. திறந்த அமைப்பின் மேல் மூடிய பெட்டியை வைப்பதில் மச்சினனுக்கு மனமில்லை. அபுதாபியில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க வந்த கிழவிக்கு அந்த வாதம் எதற்கு? போட்டுக் கொடுத்தோம்.

புதுச் சிஸ்டம் வந்த சூடு ஆறுவதற்குள், மே மாதத்தில் மச்சினன் முகம் வெளுத்துப்போய் வந்தான். கவுன்ட்டரில் இருந்தபடி எல்லாக் கேபின்களையும் பராமரிக்க எஸ்எஸ்எச் சாவிகளை உருவாக்கி வைத்திருந்தான். அந்தச் சாவிகள் செல்லாது என்றான். 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் பராமரிப்பாளர் ஒருவர், பிழை தேடும் கருவி எச்சரித்ததால், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் இரண்டு வரிகளை நிறுத்தி வைத்திருக்கிறார். சாவி உருவாவதற்கு வேண்டிய தற்செயல் எண்கள் அந்த வரிகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அவை போனதும், ஒரு வகைக் கணினியில், ஒரு அளவில் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே 32,768க்குள் அடங்கிவிட்டன. எண்ண முடியாத அளவு இருக்க வேண்டியவை, ஒரு பிற்பகலில் முயன்று பார்த்துவிடக்கூடிய எண்ணிக்கைக்குச் சுருங்கியிருந்தன. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவுக்கும் அது வந்திருந்தது. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று அறிவித்தார்கள்.

"எல்லாரும் பாக்கலாம்னு சொன்னியே, அப்ப ரெண்டு வருஷமா எவனும் பாக்கலியா?" என்று அண்ணன் கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை இந்த விஷயத்தில் நான் இன்றுவரை கேட்டதில்லை. கோயில் திருப்பணி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை வாசலில் ஒட்டுவார்கள். ஊரே அதைக் கடந்துதான் உள்ளே போகும். நின்று கூட்டிப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோ. மூலநிரல் திறந்திருப்பதும் அப்படித்தான். திறந்திருப்பது பார்க்க அனுமதி தருகிறது. பார்த்தாயிற்று என்பதற்கு அது சான்று ஆகாது.

மச்சினன் சொன்ன பதிலும் எனக்கு நினைவிருக்கிறது. "யாரு மாத்துனது, எந்த வரி, எப்ப, எதுக்கு, எல்லாம் இப்ப எழுதி வெச்சிருக்கு மாமா. சரி பண்ணுனதும் வந்துருச்சு. முன்னாடி இருந்த சிடியில எவன் என்ன வெச்சான்னு நம்மளால கேக்க முடிஞ்சுதா?" அன்று மாலையே சாவிகளை மாற்றினான். அண்ணன் கேள்வியும் மச்சினன் பதிலும் இரண்டும் சரி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளானது. திறந்த மூலத்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அதே கோடையில் அவன் இன்னொன்றையும் காட்டினான். எல்லாக் கேபின்களின் இணையமும் கவுன்ட்டர் கணினி வழியாகத்தான் போய்வந்தது. அதில் வயர்ஷார்க் என்ற கருவியைப் போட்டான். வலையில் போகும் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டும் திறந்த மூலக் கருவி. அண்ணன் தன் தங்கைக்கு வரன் பார்க்க ஒரு தளத்தில் கணக்கு வைத்திருந்தார். இரண்டாவது கேபினில் அவரை உட்கார வைத்து உள்ளே நுழையச் சொன்னான். அவர் அடித்த பாஸ்வேர்டு, கவுன்ட்டர் திரையில் எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்து நின்றது. அண்ணன் எழுந்து வந்து பார்த்தார்.

"அப்ப நீ நெனச்சா இங்க வர்ற எல்லாரோடதையும் பாக்கலாமா?"

"பாக்கலாம் மாமா."

"இவன்?" என்று என்னைக் காட்டினார்.

"அவரும் பாக்கலாம்."

அண்ணன் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு அந்தக் கருவியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தான். மறுபடி போட இரண்டு நிமிடம்கூட ஆகாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கேபினில் உட்காருகிறவரின் பாதுகாப்பு, கவுன்ட்டரில் உட்காருகிறவரின் குணத்தை நம்பி நிற்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். நான் ஆகாத ஆளாக இருந்தால், கேபினில் உபுண்டு இருந்தென்ன, வேறெது இருந்தென்ன?

இந்த நிலையை மாற்றியது என் குணமோ அண்ணனின் குணமோ அல்ல. தளங்கள் ஒவ்வொன்றாக, வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதுதான். 2010 ஜனவரியில் ஜிமெயில் அதை எல்லோருக்கும் இயல்பாக்கியது. அந்த அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் நுழைய வைக்கும் கருவி அது. ஓட்டையைப் பல வருடங்களாக எல்லோரும் அறிவார்கள். கண்ணில் படும்படி செய்து காட்டிய பிறகுதான் நிறுவனங்கள் அசைந்தன. சின்னத் தளங்களும் அதற்கான சான்றிதழை இலவசமாகப் பெற, 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் வந்தது. அதன் பிறகு கவுன்ட்டர் கணினியில் எந்தக் கருவியைப் போட்டாலும், எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது தெரியுமே தவிர, அங்கே என்ன எழுதுகிறார்கள் என்பது தெரியாது. கவுன்ட்டரில் இருப்பவன் நல்லவனா என்று கேட்கவே அவசியமில்லாத ஏற்பாடு. எனக்குப் பிடித்த பாதுகாப்பு அதுதான்.

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். எந்தக் கணினியிலிருந்து எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற பதிவும் அப்படியே. கேபின் தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. ஆசாரி வந்து ஒட்டுப்பலகையை அறுத்துக் குறைத்தார். மரத்தூளைப் பெருக்கிக்கொண்டே நிமிர்ந்தால், உட்கார்ந்திருப்பவர்களின் உச்சந்தலை வரிசையாகத் தெரிந்தது.

துபாய்க்குப் பேச வரும் ஒரு அக்கா மறுநாள் கேட்டார்: "தம்பி, நாங்க பேசறத எவனாச்சும் ஒட்டுக் கேப்பானா?" அவர் கேட்டது கம்பிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களை. இரண்டு வருடம் கழித்து, 2013 ஜூனில் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில், அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ தகவல் திரட்டிய பிரிஸம் திட்டப் பட்டியலில் ஸ்கைப்பின் பெயர் 2011ஆம் ஆண்டைக் குறித்து இருந்தது. ஆனால் அந்த அக்கா அழுதபடி மாமியாரைப் பற்றிச் சொன்னதை அன்று கேட்டது எந்த உளவு நிறுவனமும் அல்ல. குறைத்த தடுப்புக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த பையன்தான் கேட்டான். அவன் அவருடைய தெருக்காரன். அடுத்த வாரமே அவரைக் கடைசிக் கேபினுக்கு மாற்றி, பக்கத்துக் கேபினைக் காலியாக வைக்கச் சொன்னார் அண்ணன்.

விதிகளோடு எங்களுக்கு இன்னொரு முடிச்சும் விழுந்தது. உபுண்டுவில் விருந்தினர் அமர்வு என்ற வசதி 8.10இலிருந்து இருந்தது. அதில் நுழைந்து வேலை பார்த்து வெளியேறினால், இறக்கிய கோப்பு, உலவிய வரலாறு, மூடாத கணக்கு எல்லாம் அந்த நொடியே அழிந்துவிடும். எங்கள் கடைக்கென்றே செய்தது போன்ற வசதி. எல்லாக் கேபின்களையும் அதற்கு மாற்றியிருந்தோம். விதியோ பதிவை வைத்திரு என்கிறது. கவுன்ட்டர் கணினியில் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸியைப் போட்டு, தளங்களின் பெயரை மட்டும் அங்கே பதிய வைத்தான் மச்சினன். கேட்டால் காட்ட அது இருந்தது. கேபினில் எதுவும் மிஞ்சாது. கேட்டதைத் தருவது, கேட்காததைச் சேர்க்காமலிருப்பது என்று இரண்டுக்கும் நடுவே கோடு போட முடிந்தது, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று திறந்து பார்க்கவும் மாற்றவும் முடிந்ததால்தான்.

இவ்வளவும் செய்துவிட்டு, பதிவேட்டுக்கு நீள நோட்டு ஒன்றைக் கயிற்றில் பேனா கட்டிக் கவுன்ட்டர் மேல் வைத்திருந்தது கடை. பெயர், முகவரி, செல் நம்பர். வருகிறவர்கள் தாங்களே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். முன்பு கீலாகரில் அகப்பட்ட அதே நர்சிங் பெண், அப்போது ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், நோட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, எனக்கு முன்னாடி எழுதுன அக்கா நம்பர் எனக்குத் தெரியுது. என் நம்பரு எனக்கு அடுத்து வர்றவனுக்குத் தெரியும். உள்ள மட்டும் எல்லாம் அழிஞ்சு என்ன?" கடையில் இருந்த எந்த மென்பொருளும் அந்த நோட்டைத் தொட்டிருக்க முடியாது. அன்று முதல் நோட்டு கவுன்ட்டருக்கு உள்ளே வந்தது. அட்டையை வாங்கி நானே எழுதி, நோட்டை இழுப்பறையில் வைத்து, ஒரு வருடக் கெடு முடிந்த பக்கங்களைக் கிழித்து எரிப்போம்.

மச்சினன் படிப்பு முடிந்து சென்னைக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து 2012 இறுதியில் ஒருநாள் கூப்பிட்டு, புதிதாக வந்த 12.10 பதிப்பைக் கடையில் போட வேண்டாம் என்றான். கணினிக்குள் ஒரு கோப்பைத் தேட அடிக்கும் சொல்லும் வெளியே நிறுவன சர்வருக்குப் போய், அமேசானில் வாங்கக்கூடிய பொருட்களோடு திரும்பி வரும்படி அதில் இயல்பாகவே வைத்திருந்தார்கள். ஸ்டால்மன் அதை வெளிப்படையாகவே வேவு மென்பொருள் என்று எழுதினார். அமெரிக்காவின் மின்னணு உரிமை அமைப்பான இஎஃப்எஃப்பும் கண்டித்தது. 2016இல் வந்த 16.04இல்தான் அது இயல்பாக அணைந்த நிலைக்குப் போனது. எங்கள் கடையில் இருந்தது நீண்டகால ஆதரவுள்ள 12.04, அதில் அந்தத் தொல்லை இல்லை. திறந்த மூலம் என்ற அடையாளம் ஒன்றே அந்தரங்கத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேண்டியதில்லை. கூடவே இன்னொன்று: வெளியான உடனேயே ஊர் முழுக்கத் தெரிந்தது; நீக்குவதற்கு ஒரு வரிக் கட்டளை போதுமாயிருந்தது. மூடிய மென்பொருளில் இதே காரியம் நடந்தால், முதலில் நடக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

செல்போன் வந்து எங்கள் கடையை மூடியது. அண்ணன் கணினிகளை விற்றுவிட்டு எலக்ட்ரிகல் கடை வைத்தார். நான் இரண்டு கணினிகளை வாங்கிக்கொண்டு, தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமுமாக ஒரு கடை போட்டேன். இப்போது ஆளாளுக்குக் கையிலேயே ஒரு பிரவுசிங் சென்டர். அதன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது.

கடைக்கு வருகிறவர்களின் போனில் நான் முதலில் பார்ப்பது விசைப்பலகையை. தமிழில் அடிக்க ஏதாவது ஒரு கீபோர்டு ஆப்பை நம் ஆட்கள் இறக்கித்தான் தீர வேண்டியிருந்தது. அதை இயக்கத் துவங்கும்போதே ஆண்ட்ராய்டு எச்சரிக்கும்: நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும், பாஸ்வேர்டு உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று. யாரும் படிப்பதில்லை. நாலாவது கேபினில் இருந்த கீலாகருக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நம் கையாலேயே அனுமதி கொடுக்கிறோம் என்பது ஒன்றுதான். கணினிக் காலத்தில் தமிழா குழுவினரின் இ-கலப்பை இருந்தது. போனுக்கு, கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் திறந்த மூலத்தில் இன்டிக் கீபோர்டு செய்து வைத்திருக்கிறது. அதைக் காட்டுவேன். "பேசினா அடிக்குமா?" என்பார்கள். பெரிய நிறுவனங்களின் கீபோர்டு அதைச் செய்கிறது என்றால் அதற்கே போய்விடுவார்கள். வாசிக்கவும் அடிக்கவும் சிரமப்படுகிறவருக்கு வாயால் சொல்லி அனுப்புவது எத்தனை பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். அதனால் தடுப்பதில்லை. வங்கி பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும் போனோடு வந்த கீபோர்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பேன்.

அண்ணனின் அந்தப் பழைய கேள்வி மட்டும் விடாமல் திரும்பி வந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, உலகத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர் என்பதும், நன்கொடையாக ஆண்டுக்கு வந்தது சுமார் 2,000 டாலர் என்பதும் தெரியவந்தன. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் எழுதியது அதைவிடக் கலக்கமானது. எஸ்எஸ்எச் வழியே நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தோண்டிப் போனவர், எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தனியாளாக, சம்பளமில்லாமல், சோர்ந்துபோய் அதைப் பராமரித்துக்கொண்டிருந்தவருக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பைப் பெற்று, அதன் பிறகு வைத்த வாசல் அது.

இந்தச் செய்தியை அண்ணனிடம் போனில் சொன்னேன். "கடைசில ஆளத்தான் புடிச்சிருக்கான்" என்றார். மச்சினனுக்கோ, அந்த அரை நொடியைத் துரத்திப் போக ஒருவரால் முடிந்ததே என்ற வியப்பு. இந்த முறை எனக்கு இருவரையும் ஒன்றாகக் கேட்க முடிந்தது. நிரல் திறந்திருப்பதால்தான் ஃபிராயிண்ட் கடைசி வரி வரை போக முடிந்தது. அதைக் காக்க வேண்டிய மனிதருக்குத் துணையும் சம்பளமும் இல்லாததால்தான் அந்த ஆள் உள்ளே வர முடிந்தது. காசு கேட்காத மென்பொருளுக்கு யாரோ எங்கோ தன் இரவுகளைக் கொடுக்கிறார். அது எந்த இரவு நிற்கும் என்று பயன்படுத்தும் நாம் கேட்டதில்லை. நான் தினமும் நம்பியிருக்கும் திட்டங்கள் இரண்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை சிறுதொகை அனுப்புகிறேன். ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செலவோடு அதையும் கணக்கில் எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்தபோது, ஊரில் ஒரே பேச்சு. எங்கள் குடும்பக் குழுவும் சிக்னல் என்ற திறந்த மூலச் செயலிக்கு மாறியது. அடுத்த கல்யாணப் பத்திரிகை வருவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மாமா, சித்தப்பா, தெருப்பால்காரர் எல்லோரும் அங்கே இருக்கும்போது நான் மட்டும் எங்கே போவது? ஆனால் சிக்னலைப் பற்றிய ஒரு செய்தி என்னிடம் தங்கிவிட்டது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று ஒரு கணக்கைப் பற்றிய விவரங்களைக் கேட்டபோது, அவர்களால் தர முடிந்தது இரண்டே தகவல்கள்: கணக்கு எப்போது துவங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. மறைத்ததால் அல்ல, வேறெதையும் சேர்த்து வைக்காததால். சேர்க்காததை யாரும் கேட்டுப் பெற முடியாது, திருடவும் முடியாது. நிரல் திறந்திருப்பது அந்தப் பேச்சைச் சரிபார்க்க ஒரு வழி. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது சின்ன வேலை அல்ல.

2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பொதுக் கணினியில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டு நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என் கடையைப் போன்ற எந்தக் கடையிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் போதும், ஒரு தாலுகாவே உள்ளே இருக்கும்.

அப்படிக் கிடப்பதைத் தானே அழித்துவந்த உபுண்டுவின் விருந்தினர் அமர்வு இப்போது கிடையாது. 2017 மே மாதத்தில் அதிலேயே ஒரு ஓட்டை தெரியவந்து, இயல்பாக அணைத்து வைத்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் காணாமலே போனது. வெளியேறும்போது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் சிறு நிரல் ஒன்றை மச்சினன் எழுதிக் கொடுத்தான். பத்துப் பதினைந்து வரிகள்தான். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எனக்கு விளக்கச் சொல்லி, கேட்ட பிறகே போட்டேன்.

எது பாதுகாப்பான ஆப் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இப்போது பெயர்களைச் சொல்வதில்லை. அது உங்களைப் பற்றி எதையெல்லாம் வைத்துக்கொள்கிறது, வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அதைச் சரிபார்க்க வெளியாள் யாருக்காவது வழி உண்டா, அதைப் பராமரிக்கிறவர் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்கச் சொல்கிறேன். மூன்றுக்கும் பதில் கிடைப்பது அபூர்வம். கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தேர்வு தானாக நடந்துவிடும்.

அதே கேள்விகளை என் கடையிலும் கேட்கலாம் என்பதற்காக, வாடிக்கையாளர் பக்கம் திரும்பியபடி இரண்டாவது மானிட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். விண்ணப்பம் முடிந்ததும் அவர்களின் கோப்புகளை அவர்கள் கண் முன்னால் அழிக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதற்குள் படியிறங்கிவிடுவார்கள். சிலர் நின்று, "குப்பைத்தொட்டியையும் தெறந்து காட்டுங்க" என்பார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்கு அறிமுகப்படுத்திய சிறந்த வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.